ஒப்புக்குச் சேர்ந்த இளவரசி

1967இல் மாட்டெல் நிறுவனம், பார்பியின் உறவுக்காரப் பெண்ணாக அறிமுகமாகியிருந்த பிரான்சி பொம்மையைக் கறுப்பினப் பெண்ணாக வெளியிட்டபோது, வெள்ளைப் பிரான்சிக்குப் பயன்பட்ட அதே முக அச்சிலேயே வார்த்தது. தோலின் நிறம் மட்டும் பழுப்பாயிற்று. மூக்கும் உதடும் அப்படியே இருந்தன. ஒப்புக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் வந்த அனிமேஷன் படங்கள் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்னியின் முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இளவரசியான டியானா, 2009இல் வெளிவந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்தில்தான் திரைக்கு வந்தாள். மேடி என்ற பெயரில் பணிப்பெண்ணாக அவளைப் படைக்கவிருந்தவர்கள், எதிர்ப்பு எழுந்த பிறகு, 1920களின் நியூ ஆர்லியன்ஸில் சொந்த உணவகம் தொடங்குவதற்காக இரவுபகலாக உழைத்துப் பணம் சேர்க்கும் பெண்ணாக மாற்றினார்கள். மாற்றம் நல்லதுதான். ஆனால், இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்தக் கறுப்பின நாயகி, படத்தின் பெரும்பகுதியில் மந்திரத்தால் மாறிய தவளையாகத்தான் தாவிக்கொண்டிருக்கிறாள். கடை அலமாரியில் பொம்மையாக இருந்தவளோ கிரீடமும் பச்சை கவுனும் அணிந்த மனுஷி. அந்த கவுனைப் படத்தில் அவள் அணிவது கடைசியில் நடக்கும் திருமணத்தின்போதுதான். விற்பனைக்கு முழுநேரமும் தேவைப்பட்ட முகம் கதைக்குச் சிறிது நேரமே தேவைப்பட்டிருக்கிறது. அந்த முகமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை: 2018இல் வந்த ஒரு டிஸ்னி படத்தின் முன்னோட்டத்தில் அவளுடைய நிறம் வெளுத்தும் மூக்கு ஒடுங்கியும் காணப்பட, கண்டனங்களுக்குப் பிறகு, குரல் கொடுத்த அனிகா நோனி ரோஸையும் கலந்தாலோசித்துத் திருத்தி வரைந்தார்கள்.

கறுப்பினக் கதாபாத்திரத்தின் பொம்மையைக் கறுப்பினக் குழந்தைகள் மட்டுமே வாங்குவார்கள் என்ற எண்ணம் பொம்மை வணிகத்தில் நெடுங்காலம் இருந்தது. 2012இல் தொடங்கிய 'டாக் மெக்ஸ்டஃபின்ஸ்' தொடர் அதைப் பொய்யாக்கியது. பழுதான பொம்மைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தக் கறுப்பினச் சிறுமியின் பெயரால் 2013இல் மட்டும் சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்கள் விற்றன. எல்லா இனக் குழந்தைகளும் அந்த ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டார்கள். குழந்தைகளைக் கவர்ந்தது அவள் செய்யும் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக, எல்லாரும் நாயகியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2022இல் வெளிவந்த 'டர்னிங் ரெட்' படத்தில் நாயகியின் தோழிகளுள் ஒருத்தி பிரியா. அவளுக்குக் குரல் கொடுத்தவர் கனடாத் தமிழரான மைத்ரேயி ராமகிருஷ்ணன். சிறிய பாத்திரம்தான். ஆனாலும், உணர்ச்சியே காட்டாத குரலில் பேசும் அவளுடைய குறும்பு அவளுக்கே உரியது. டொராண்டோ பள்ளியொன்றில் அவள் இருப்பதற்குப் படம் எந்த விளக்கமும் தருவதில்லை, அவளை வைத்து இந்தியப் பண்பாட்டுப் பாடமும் நடத்துவதில்லை.