இரண்டு இதழ்களுக்கு நடுவே ஒரு கதை: எக்ஸ்-மென் ரசிகர் புனைவும் வாசகர் கருத்தும்

அபூர்வ சக்தியோடு பிறந்தவர்களின் அணியைப் பற்றிய மார்வெல் சித்திரக்கதையான எக்ஸ்-மென்னின், 1975 அக்டோபர் தேதியிட்ட 95ஆம் இதழின் முடிவில், தப்பியோடும் வில்லன் கவுண்ட் நெஃபாரியாவின் விமானத்தின் மீது தாவி ஏறும் ஜான் ப்ரவுட்ஸ்டார் என்கிற தண்டர்பேர்ட், அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் மனத்தின் வழியாக மன்றாடியும் கேளாமல், அந்த விமானம் வெடிக்கும்போது அதனோடு இறந்துபோகிறான். அவனும் வேறு சில புதியவர்களும் அணிக்கு வந்து சேர்ந்தது அதே ஆண்டில்தான். அப்போது அது இரு மாதங்களுக்கு ஒரு முறை வந்த இதழ் என்பதால், டிசம்பர் தேதியிட்ட 96ஆம் இதழில் அணித்தலைவன் சைக்ளாப்ஸ் என்கிற ஸ்காட் காட்டுக்குள் தனியே நடந்து, தாங்க முடியாத துயரத்தில் கண்ணாடிக்குள் அடக்கி வைத்திருக்கும் தன் கண்ணொளியைச் சீறவிடும் காட்சிக்காக வாசகர்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இரண்டு இதழ்களுக்கும் நடுவில், அணி வசிக்கும் வெஸ்ட்செஸ்டர் மாளிகையில், ஒருவரையொருவர் இன்னும் சரியாக அறியாத அந்தப் புதியவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதைத்தான் சில காலமாகத் தமிழில் எழுதிவருகிறேன். கதையைப் பற்றிச் சொல்வதைவிட, அதைப் படித்தவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைப் பதிவுசெய்வதே இங்கே என் நோக்கம்.

தனி நாயகன் கதைக்கு வரும் கருத்தும் அணிக் கதைக்கு வரும் கருத்தும் ஒரே வகையானவை அல்ல. அணிக் கதையைப் படிக்க உட்காரும் ரசிகர் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் உறுப்பினருக்கு வக்கீலாகத்தான் வருகிறார். இது புதிய பழக்கமும் அல்ல. டிசி நிறுவனத்தின் லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் தொடரில் அணியின் தலைவரை வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காலம் உண்டு. 1988இல் பேட்மேனின் துணைவனான ஜேசன் டாட் என்னும் ராபின் சாகலாமா வேண்டாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தபோது, 5,271க்கு எதிராக 5,343 வாக்குகளில் அவனைக் கொன்றும்விட்டார்கள். வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு பாத்திரத்தின் தலையெழுத்து முடிவானதை நினைத்தால், வாசகர் சொல்லை எந்த அளவுக்குக் கேட்பது என்ற கேள்வி விளையாட்டானதாகத் தெரியவில்லை.

எனவே வரைவைக் கொடுக்கும் முன்பே, இந்த அணியில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். பின்னர் கருத்துகள் வந்தபோது, சொன்னவரின் விருப்பத்தைப் பக்கத்திலேயே குறித்து, எந்தப் பாத்திரத்தைப் பற்றி யார் பேசுகிறார் என்று பார்த்தேன். என் வாசகர்களில் வானிலையை ஆட்டிப்படைக்கும் ஸ்டார்மின் தீவிர ரசிகை ஒருவர், கைகளிலிருந்து கூர்நகங்கள் நீளும் வுல்வரினைத் தவிர வேறு யாரையும் மனிதனாகவே மதிக்காத நண்பர் ஒருவர், பழைய இதழ்களைக் கரைத்துக் குடித்த மூத்தவர் ஒருவர், எக்ஸ்-மென் என்றால் என்னவென்றே தெரியாத என் சித்தி மகள் ஆகியோர் முக்கியமானவர்கள்.

தகவல் சார்ந்த கருத்துகள் எளிமையானவை, அவற்றில் பெரிய விவாதம் இல்லை. வுல்வரினின் நகங்கள் கையுறையின் பாகம் அல்ல, உடலின் பாகம் என்று அணியினர் அறிவது 98ஆம் இதழில். லோகன் என்ற பெயர் அவர்கள் காதில் விழுவது 103ஆம் இதழில். ஆகவே என் கதையில் யாரும் அவனை லோகன் என்று அழைக்கக் கூடாது, அவன் நகங்களைக் கண்டு ஒரு கருவியைக் கண்டதற்கு மேல் வியக்கவும் கூடாது. மூத்தவர் இப்படி வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். காலவரிசையைக் காக்க அவரைப் போல் ஒருவர் கிடைப்பது பாக்கியம்தான். ஆனால் கதை ஓடுகிறதா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. விடுபட்டதையெல்லாம் அவர் தன் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்கிறார்.

உரையாடலைச் சோதிக்க, பேசுபவர் பெயர்களை நீக்கிவிட்டு ஒரு காட்சியை மட்டும் கொடுத்து, எது யாருடைய பேச்சு என்று கேட்டேன். வுல்வரினை அனைவரும் உடனே கண்டுபிடித்தார்கள். அது மகிழ்ச்சி தரவில்லை, ஏனெனில் எரிந்து விழும் பேச்சையெல்லாம் அவன் கணக்கில் எழுதிவிட்டு மேலே போனதாகப் பலர் சொன்னார்கள். முன்கோபம் ஒரு குணம், அதுவே குரலாகிவிடாது. ப்ரவுட்ஸ்டாரும், சன்ஃபயரும், வுல்வரினும் ஒரே அணியில் மூன்று கோபக்காரர்களாக வந்து சேர்ந்தார்கள். மூல இதழ்களிலேயே ஒருவன் இறந்து, ஒருவன் விலகிப்போன பிறகுதான் மூன்றாமவனின் கோபத்துக்குத் தனி நிறம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதிகம் யோசிக்க வைத்தது ஸ்டார்ம் தொடர்பான கருத்துதான். மாளிகையின் அடித்தளத்தில் உள்ள குறுகிய சுரங்கப்பாதையில் ஒரு பயிற்சி நடப்பதாக எழுதியிருந்தேன். அதனுள் நுழைய ஸ்டார்ம் மறுத்துவிடுகிறாள், காரணம் சொல்வதில்லை. சிறுவயதில் கெய்ரோவில் தாய் தந்தையரைப் பலிகொண்ட இடிபாடுகளுக்குள் சிக்கிக்கிடந்ததால் மூடிய இடங்கள் அவளுக்கு ஆகாது என்பது மூலக் கதையில் 102ஆம் இதழில்தான் விரிவாகச் சொல்லப்படுகிறது. ஆகவே என் கதையின் காலத்தில் அவள் வாய் திறக்க முடியாது. ஸ்டார்ம் ரசிகை இந்த இடத்தில் கண்கலங்கியதாக எழுதினார். காரணத்தை அறியாத சித்தி மகள் அதே பத்தியின் ஓரத்தில், “இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு திமிர்? வேலை சொன்னால் செய்ய வேண்டியதுதானே?” என்று எழுதியிருந்தாள்.

ஒரே பத்தி ஒருவருக்குக் கண்ணீராகவும் மற்றவருக்குத் திமிராகவும் தெரிந்தது. ரசிகையின் யோசனை, அச்சத்தின் காரணத்தை நினைவோட்டமாக ஓரிரு வரியில் காட்டிவிடலாம் என்பது. அதைச் செய்திருந்தால் சித்தி மகளின் புகார் தீர்ந்திருக்கும், காட்சி செத்திருக்கும். நெடுநேரம் யோசித்தபோதுதான், அவள் தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்த வேண்டியதே இல்லை, அந்த மாளிகையில் இருப்பவர்களும் அப்படியேதான் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தது. அதிலும், சொன்ன சொல்லைக் கேளாத ஒருவனை அண்மையில்தான் பறிகொடுத்த சைக்ளாப்ஸின் காதில், மறுப்பு எதுவாக இருந்தாலும் அடுத்த சாவுக்கான அறிவிப்பாகவே ஒலிக்கும். முன்பு அவன் அந்தக் காட்சியில் ஓரமாக நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தான். இப்போது காட்சியே அவனுடையதாகிவிட்டது. திருத்திய பகுதி இது (இதில் வரும் பான்ஷீ அணியின் மூத்த உறுப்பினன்):

“நான் வரமாட்டேன்,” என்றாள் ஸ்டார்ம். வாசலின் இரும்புச் சட்டத்தைப் பற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. சைக்ளாப்ஸ் விரல்களைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தான். “இது வேண்டுகோள் இல்லை.” “தெரியும்.” “ஜானிடமும் நாங்கள் வேண்டுகோள் விடுக்கவில்லை,” என்று அவன் சொன்னதும் பின்னால் நின்ற பான்ஷீ, “ஸ்காட், போதும் தம்பி,” என்று அவன் தோளில் கை வைத்தான்.

வெளுத்த விரல்கள் ரசிகைக்கு. முகத்தை மட்டும் பார்ப்பது மற்றவர்களுக்கு. மறுபடியும் படித்த சித்தி மகள், ஸ்டார்ம் மீது கோபம் குறையவில்லை, ஆனால் அந்தக் கண்ணாடிக்காரன் இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். எனக்கு அது போதும்.

கொலோசஸ் என்கிற பியோத்தர் விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான வாக்கியத்தைச் சொன்னவர் வுல்வரின் நண்பர். “பியோத்தரை நீ கிரேனாக வைத்திருக்கிறாய், எதையாவது தூக்க வேண்டும் என்றால் வருகிறான், தூக்குகிறான், போகிறான்.” தன் நாயகனுக்கு இன்னும் இரண்டு சண்டைகள் வேண்டும் என்று கேட்டதைத் தவிர வுல்வரினைப் பற்றி அவர் சொன்ன எதிலும் சாரமில்லை, ஆனால் தனக்கு அக்கறையில்லாத பாத்திரத்தை அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் இதே போக்குத்தான் பல இடங்களிலும் தெரிகிறது: ஒரு பாத்திரம் எப்படிப் பேசும், எதை அறிந்திருக்கும் என்பதில் அதன் ரசிகர் சொல்வதை நம்பலாம், அந்தப் பாத்திரத்துக்கு அந்தக் காட்சியில் வேலை இருக்கிறதா என்பதை வேறொருவரின் ரசிகரிடம்தான் கேட்க வேண்டும்.

கொலோசஸுக்காக ஒரு காட்சி புதிதாக எழுதினேன். சைபீரியக் கூட்டுப்பண்ணையில் வளர்ந்த விவசாயப் பிள்ளை அவன். கட்டுப்பாடிழந்து வந்த டிராக்டரின் முன்னால் நின்று, உடலை உருக்காக்கித் தங்கை இலியானாவைக் காப்பாற்றியவன். ப்ரவுட்ஸ்டாரின் அறையைக் காலிசெய்யும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். பெட்டியில் சாமான்களை அடுக்கி முடித்ததும் உருக்காக மாறினால் ஒரு விரலால் தூக்கிவிடலாம், அவன் மாறுவதில்லை. மனித உடலோடேயே, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, மூச்சிரைக்கக் கீழே கொண்டுவருகிறான். உதவ வந்த வுல்வரினிடம் வேண்டாம் என்று தலையசைக்கிறான். தூக்குவதையே அவன் வேலையாக வைத்துக்கொண்டு அதை அர்த்தமுள்ளதாக்க முடிந்ததில் எனக்குச் சற்றுப் பெருமைதான். தன் நாயகன் மறுக்கப்பட்டு நின்ற அந்த இடம்தான் வுல்வரின் நண்பருக்கு மிகவும் பிடித்துப்போனது என்பது தனி வேடிக்கை.

ஏற்காமல் விட்டவையும் உண்டு. ஸ்காட்டின் காதலி ஜீன் கிரேயை அழைத்துவந்து அவனைத் தேற்றச் சொல் என்று ஒன்றுக்கு மேற்பட்டோர் கேட்டார்கள். 94ஆம் இதழிலேயே அவள் பழைய அணியினரோடு மாளிகையை விட்டுப் போய்விட்டாள் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, ஆறுதல் கிடைத்துவிட்ட ஸ்காட் 96ஆம் இதழில் அந்தக் காட்டுக்குள் தனியாகப் போய் அப்படி வெடிக்க மாட்டான் என்பது. “அருமை, அடுத்த அத்தியாயம் எப்போது?” என்பவை தனி ரகம், அவற்றால் கதைக்குப் பயனில்லை, என்னை மேசைக்கு முன் உட்கார வைக்கும்.

இப்போது நைட்கிராலரின் அத்தியாயத்தில் இருக்கிறேன். நைட்கிராலர் என்கிற கர்ட் வாக்னர் ஜெர்மானிய சர்க்கஸில் வளர்ந்தவன், விரட்டிய கும்பலிடமிருந்து சேவியர் காப்பாற்றிக் கூட்டிவந்தவன். அணியில் பகடி பேசக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்பதால், சாவு விழுந்த வீட்டில் முதல் சிரிப்பை யார் சிரிப்பது என்ற சங்கடம் அவன் தலையில் விழுகிறது. இதில் எனக்குள்ள சிக்கல், என் வாசகர் வட்டத்தில் கர்ட்டின் ரசிகர் ஒருவர்கூட இல்லை. அவனுக்கு அந்தக் காட்சியில் வேலை இருக்கிறது என்று எல்லாருமே சொல்கிறார்கள். அவன் அப்படித்தான் சிரிப்பானா என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை. மூத்தவர் தம் பழைய நண்பர்களில் அப்படி ஒருவர் இருப்பதாகவும் கேட்டுப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அதுவரை கர்ட்டின் வசனங்களை மட்டும் பென்சிலிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.