78 நல்ல மார்க்கா?

நைஜீரியாவின் கானோ நகரில் அனாடமி சொல்லிக்கொடுத்த காலத்தில், ப்ராஜெக்ட் தலைப்புக்குப் பஞ்சம் வந்தால் எங்களுக்குக் கைகொடுப்பது உடம்பை அளவெடுப்பதுதான். பெரிய செலவில்லை, இரண்டு முனைக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்கும் காலிப்பர் துறையிலேயே இருக்கும். அப்படித்தான் என் மாணவன் ஒருவன் ஹவுசா இனத்துப் பள்ளிப் பிள்ளைகளின் தலை வடிவத்தையும் பரீட்சை மதிப்பெண்ணையும் ஒப்பிடக் கிளம்பினான். நானும் கூடப் போனேன்.

தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது கபாலக் குறியீடு. 75-க்குக் கீழே நீள்தலை, 80-க்கு மேலே அகலத்தலை. பையன்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். காலிப்பரின் ஒரு முனை புருவங்களுக்கு நடுவே, மறுமுனை பின்மண்டையில். பிசகு இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம் என்று என் மாணவன் போனில் கணக்குப் போட்டு உரக்கச் சொன்னான். 74. 78. 81. அங்கேதான் வினை. பிள்ளைகள் அதை மார்க் என்றே நினைத்துவிட்டார்கள். 74-காரன் இன்னொரு தரம் அளக்கச் சொல்லி வந்து நின்றான்.

வகுப்பாசிரியர் என்னை ஓரமாக அழைத்தார். "டாக்டர், எண்பதைத் தாண்டியவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கட்டுமா?"

"ஐயோ வேண்டாம். இதற்கும் படிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்றுதான் பார்க்கிறோம்."

"சம்பந்தம் இல்லையென்றால் இத்தனை தூரம் வந்து அளப்பீர்களா?"

பார்த்தால்தானே தெரியும் என்றேன். தப்பான பதில் இல்லை. அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வதும் ஆராய்ச்சிதான். ஆனால் அவர் கேட்டதில் இருந்த நியாயம் இன்னும் உறுத்துகிறது. குறியீடு வடிவத்தை மட்டும் சொல்லும். சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் ஒரே எண் வரலாம். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த எண்ணே மாறுகிறது என்று மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1912-லேயே காட்டிவிட்டார். இதெல்லாம் நான் வகுப்பில் நடத்தும் பாடம். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிவாரியாக அடுக்கியதை நினைத்து எரிச்சல்படுகிறவனும் நானேதான். நாங்கள் யாரையும் அடுக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். சரி, முன்வரிசை யோசனை அந்த வாத்தியாருக்கு எங்கிருந்து வந்தது?

அன்றைய கல்விக் கொள்கைப்படி முதல் மூன்று வகுப்பு தாய்மொழியில், அப்புறம் ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலம் காதிலேயே விழாத பிள்ளையும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறது. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. காலையில் சாப்பிட்டாயா என்பதற்கும் இல்லை. மண்டை நீளத்துக்கு மட்டும் மில்லிமீட்டர் வரை இடம் இருந்தது.

முடிவில் ஒன்றும் தேறவில்லை. நல்லதுதான். ஆசிரியருக்கு அதைச் சொல்லியும் அனுப்பினேன். அவர் நம்பினாரா, அதற்குள் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டாரா, கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மாணவி விரல் நீளத்தையும் மதிப்பெண்ணையும் ஒப்பிடுகிறேன் என்று வந்தாள். சாப்பாட்டுக்கும் வீட்டு மொழிக்கும் ஆளுக்கொரு கட்டம் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எண்ணை மட்டும் உரக்கச் சொல்லாதே என்றேன்.