முப்பதாயிரத்துக்குள் ஒரு கணினி: நானே பாகம் சேர்த்த முதல் அனுபவம்

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்கும் பாரதக் கூத்துகளை ஒலிப்பதிவு செய்வது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இரவில் தொடங்கும் கூத்து விடியும் வரை நடக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். எட்டு மணி நேரக் கூத்து 8 ஜிபியைத் தாண்டிவிடும். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் அதைத் திறக்கும்போது 32 பிட்டாக மாற்றி வைத்துக்கொள்வதால் அதுவே 11 ஜிபியாகப் பெருகும். இரண்டு கோர் (தனித்தனியே கணக்கிடும் கூறு) பிராசசரும் 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் நினைவகம்) கொண்ட என் பழைய கணினியில் இரைச்சல் நீக்கும் வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் எழுந்து பார்க்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். 2023 ஜூனில், 30,000 ரூபாய்க்குள் பாகங்களை வாங்கி நானே ஒரு கணினியைச் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு முன் நான் கணினியைத் திறந்தது தூசி தட்டுவதற்காக மட்டுமே.

முதலில் எழுதிய பட்டியல் புதிதாக வாங்க வேண்டியவற்றுக்கானது அல்ல. பழைய கணினியிலிருந்து எதையெல்லாம் காப்பாற்றலாம் என்பதற்கானது. 1 டிபி ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் ஆகிய நான்கும் தேறின. மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகைத் திரை இணைப்பு மட்டுமே இருந்ததால், எல்லாப் பாகங்களும் வந்து சேரும் புதிய மதர்போர்டிலும் விஜிஏ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அப்போதே வந்து சேர்ந்தது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய கணினிகளைப் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு விற்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் அவற்றையும் போய்ப் பார்த்தேன். அவற்றுள் பலவற்றில், பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் இணைப்பும் பொது அளவில் இல்லை என்பதையும், அது பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட முடியாது என்பதையும் அறிந்தபின் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

நான் விளையாட்டு எதுவும் ஆடுவதில்லை என்பதால் திரைக் காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போவதில்லை என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு முடிவு மற்ற முடிவுகளை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். கார்டு இல்லையென்றால் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். என் பணத்துக்குள் வந்தவை இரண்டு: நான்கு கோர் கொண்ட இன்டெல் ஐ3 12100, ஆறு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. இந்த இடத்தில் நான் முழு நியாயத்தோடு முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆடாசிட்டியின் பெரும்பாலான வேலைகள் ஒரே கோரில்தான் நடக்கும். கோர் ஒன்றின் வேகத்தில் இன்டெல்லே முந்தும். எனினும் ஓர் இரவுக் கூத்தைக் காட்சி காட்சியாக வெட்டி முப்பது எம்பி3 கோப்புகளாக ஒரே நேரத்தில் மாற்றும்போதும், அண்மையில் தொடங்கிய வீடியோத் தொகுப்பின்போதும் ஆறு கோர்களும் உழைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 5600ஜியைத் தேர்ந்தேன். பெட்டியிலேயே விசிறியும் வருவது இன்னொரு சமாதானம்.

அடுத்தது மதர்போர்டு. பி550 வகைப் போர்டுகள், கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றை இணைக்கும் பிசிஐஇ என்ற பாதையில் 4.0 வேகம் தரும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 5600ஜி பிராசசரோ பிசிஐஇ 3.0 வரை மட்டுமே போகும் என்பதால், என்னைப் பொறுத்தவரை அந்த வேகத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். ஆகவே, 2018இல் வந்த பி450 வகையிலேயே விஜிஏ இணைப்பும் நான்கு ரேம் இடங்களும் உள்ள போர்டைக் குறித்துக்கொண்டேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பயாஸோடு (கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) கடையில் தங்கிவிட்ட போர்டு இந்தப் பிராசசரை அடையாளம் காணாது. திரையில் எதுவுமே வராது. அட்டைப் பெட்டியின் மேல் ரைசன் 5000 வரிசைக்குத் தயார் என்ற ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரேமில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். உள்ளமை கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ரேமிலிருந்தே கடன் வாங்குகிறது. டிடிஆர்4 வகையில் 3200 வேக ரேம் ஒன்றை மட்டும் மாட்டினால் நொடிக்கு 25.6 ஜிபி வீதத்தில்தான் தரவு போய்வரும், அதையும் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாக மாட்டினால் பாதை இரட்டிப்பாகி 51.2 ஜிபி ஆகும். ஆகவே பின்னால் இன்னொன்று சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் ஒரே 16 ஜிபி ரேமை எழுதி வைத்திருந்த நான், அதை அடித்துவிட்டு 8 ஜிபி வீதம் இரண்டு என்று திருத்தினேன். நான்கு இடம் உள்ள போர்டு என்பதால், பின்னால் சேர்க்கும் வாய்ப்பும் போய்விடவில்லை.

செப்டம்பரில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால், கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினட் கேட்ட இடத்தில் எல்லாம், உள்ளேயே எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, தனியாக எதற்கு என்று கேட்டார்கள். அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்தபோதே அதன் எடை குறைவு தெரிந்தது. பெயரளவில் 450 வாட் என்று ஒட்டியிருந்தது. வேலூரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை நன்கறிந்தவன் என்ற முறையில், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளதைத் தனியாக வாங்கினேன். அந்தச் சான்று மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதையே சொல்கிறது, தரத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதால் ஐந்தாண்டு வாரண்டியையும் பார்த்துக்கொண்டேன். பில் இல்லாமல் என்றால் விலை வேறு என்று ஒரு கடையில் சொன்னார்கள். 18 சதவீத வரி மிச்சமாகும் என்பது உண்மைதான். பழுது வந்தால் அந்தப் பில்லைத்தானே காட்ட வேண்டும் என்பதால் மறுத்துவிட்டேன்.

வரியோடு நான் கொடுத்த விலை: பிராசசர் 11,400, மதர்போர்டு 6,300, ரேம் இரண்டும் 3,200, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) 2,700, எஸ்எம்பிஎஸ் 3,100, கேபினட் 2,400 ரூபாய். மொத்தம் 29,100. எல்லைக்குள் வந்துவிட்டது என்று மகிழ்ந்தபோதுதான் யுபிஎஸ்ஸை மறந்தது நினைவுக்கு வந்தது. 600 விஏ யுபிஎஸ் 3,000 ரூபாய். ஆக 32,100.

அடுத்த ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் வேலையைத் தொடங்கினேன். போர்டைக் கேபினட்டில் வைத்து ஒன்பது திருகுகளையும் முறுக்கிய பிறகு, பின்புற இணைப்புகளைச் சூழ்ந்து நிற்க வேண்டிய தகரத் தட்டு மேசையிலேயே கிடப்பதைக் கண்டேன். அதை முதலில் பொருத்த வேண்டும் என்று என் கைப்பட எழுதிய தாள் அதன் அடியிலேயே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் விசிறிகள் சுழன்றன. திரை இருட்டாகவே இருந்தது. பழைய பயாஸ் போர்டைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். அரை மணி நேரம் கழித்து என் மகள்தான் கண்டுபிடித்தாள்: ஒரு ரேமின் ஒரு முனை சரியாக உள்ளே இறங்கவில்லை. ரேம் உடைந்துவிடும் என்ற பயத்தில் நான் மெல்ல அழுத்தியிருந்தேன். உண்மையில் அது கட்டை விரல் நோகும் அளவுக்கு அழுத்தம் கேட்கிறது, சொடுக்குச் சத்தம் வந்த பிறகே விட வேண்டும்.

விண்டோஸுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் லினக்ஸ் மின்ட் நிறுவினேன். ரேம் 3200க்குப் பதில் 2400 வேகத்தில் ஓடுவதை மூன்று நாள் கழித்தே கவனித்தேன். ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்ட, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே இயக்கிவிட வேண்டுமாம், இயக்கியதும் சரியானது.

இப்போது ஓர் இரவுக் கூத்தை இரைச்சல் நீக்கக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால், கை கழுவி வருவதற்குள் முடிந்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான இடமும் இரண்டு ரேம் இடங்களும் காலியாக இருக்கின்றன. அடுத்து வாங்கப்போவது அவற்றுக்கானது அல்ல. இரண்டாவது ஹார்டு டிஸ்க். பத்தாண்டுக் கூத்துப் பதிவுகள் அனைத்தும் அந்தப் பழைய 1 டிபி டிஸ்க் ஒன்றில் மட்டுமே இருக்கின்றன.