நான்கு என்கிறார்

ஜனவரி 12
இன்றும் நான்கு என்றார்.

ஜனவரி 13
பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று அது முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கேட்பது உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் வகுத்த முறை. கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்பு அடங்கிய பிறகுதான் ஆட்டக்காரரால் முழுப் பயிற்சியின் கடுமையையும் எடைபோட முடியும். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கிறது. நான் தம்பி என்றழைக்கும் ஆட்டக்காரரின் நான்கு, 90 நிமிடத்துக்கு 360 ஆகிறது. அதே இடத்தில் ஆடும் மற்றவரின் ஏழு 630 ஆகிறது. ஆனால் தோள்பட்டைகளுக்கு நடுவே செருகியிருந்த, தொலைவையும் வேகத்தையும் அளக்கும் கருவியைப் பார்த்தால், மொத்தத் தொலைவிலும் மணிக்கு 19.8 கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டத்திலும் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே ஓட்டம் இரண்டு உடல்களில் இரண்டு விதமாக இறங்கும் என்பதை ஏற்கிறேன். கடும் பயிற்சிக்கும் மறுநாளின் மெல்லோட்டத்துக்கும் ஒரே உடல் ஒரே எண்ணைச் சொல்லும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 16
மின்னல் எச்சரிக்கை. 35 நிமிடம் கூரைக்கடியில் நின்றோம். அந்த நிமிடங்களைப் பெருக்கலில் சேர்க்கவில்லை. ஈரக் காலுறையோடு நின்று இறுகிப்போன தொடை, மழை விட்டதும் நேரே விரைவோட்டத்துக்குப் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஜனவரி 20
இன்று கவனித்தேன். தட்டைக்கணினியை நீட்டியதும் தம்பியின் விரல் ஏழின் மேல் போய் நின்றது. அவர் நிமிர்ந்து, பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த பயிற்றுவிப்பாளரை ஒருமுறை பார்த்தார். பிறகு நான்கைத் தொட்டார். மே மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது.

ஜனவரி 22
எல்லாரும் பேருந்தில் ஏறிய பின்பு, பனிக்கட்டிப் பெட்டியருகே தனியாகக் கேட்டேன். "ஏழு அண்ணே. எட்டுன்னுகூட வச்சுக்குங்க. இடது பின்தொடை காலையிலேருந்து இழுக்குது" என்றார். அவர் முதன்முறையாக உண்மையைச் சொன்ன மகிழ்ச்சியில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 23
வழக்கம்போலப் பயிற்றுவிப்பாளருக்கு அட்டவணையை அனுப்பினேன். மாலையில் முதல் பதினொருவர் பட்டியல் வந்தது. அதில் தம்பி இல்லை. பயிற்சியைக் குறைக்கச் சொல்லித்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன். ஆளைக் கழிக்க அல்ல.

ஜனவரி 24
நான்கு. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

பிப்ரவரி 2
நேற்றுத் தைப்பூசம். தம்பி தம் தாயாருக்காகப் பால்குடம் ஏந்தி, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு நடந்திருக்கிறார். இரவெல்லாம் உறக்கமில்லை. என் அட்டவணையில் நேற்று அவருக்கு ஓய்வு நாள், சுமை பூஜ்ஜியம். உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் விவரம் கேட்டேன். கும்பிட்டுக்கொண்டு நடந்ததை ஒரு சுமையாக நான் எழுதக் கூடாதென்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. இன்றைய விரைவோட்டங்களில் பாதியை மட்டும் காரணம் சொல்லாமல் குறைக்கச் செய்தேன்.

பிப்ரவரி 5
விழுந்தது தம்பி அல்லர். எனக்குக் கவலையே தராதிருந்த தற்காப்பு ஆட்டக்காரர், யாரும் மோதாமல், திரும்பும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் அவருக்கு வருவது 1.1. விளையாட்டு ஆய்வாளர் டிம் கேபட் 2016இல் எழுதிய கட்டுரையின்படி 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பான இடம்; 1.5ஐத் தாண்டினால் காயம் ஏற்படும் ஆபத்து. அந்த விகிதத்தின்மீது பிறகு வந்த மறுப்புகளையும் படித்திருக்கிறேன். வகுக்கும் சராசரிக்குள் இந்த வாரச் சுமையும் அடங்கியிருப்பதால் எண்கள் தம்மைத்தாமே சார்ந்து நிற்கின்றன என்பது அவற்றுள் ஒன்று. குழுவுக்குப் பொருந்தும் எல்லைக்கோடு ஒருவருடைய தசைக்கு வாக்குறுதி தராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று காலை அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்து நிம்மதியடைந்தவன் நான்தான்.

பிப்ரவரி 9
ஆட்டக்காரர்கள் வாயால் சொல்லும் எண் ஆட்டத் தேர்வுக்குப் போகக் கூடாது, அன்றன்றைய பயிற்சியைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே பயன்பட வேண்டும் என்று பயிற்றுவிப்பாளரிடம் கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்.

பிப்ரவரி 13
இன்னும் யோசிக்கிறார்.

பிப்ரவரி 17
சரி என்றார். உடைமாற்றும் அறையில், என்னை அருகில் நிற்க வைத்துக்கொண்டு, அவரே எல்லாரிடமும் சொன்னார். தம்பி குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 19
ரமலான் நோன்பு தொடங்கியது. அணியில் பாதிப் பேர் நோன்பிருப்பதால் பயிற்சி இரவு 9 மணிக்கு மாறிவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்து கேட்டால் எல்லாரும் வீடு சேர நள்ளிரவாகும். தூக்கம் கெடுவதும் சுமைதான். எனவே வீட்டுக்குப் போகும் வழியில் கைபேசியில் அனுப்பச் சொன்னேன்.

இரவு 11.10. இன்னும் மூவருடைய எண் வரவேண்டும். அவருடையதும்.