கற்பனை நகரத்தின் சுரங்க ரயில்

புதுச்சேரியில் இருந்தபடி நான் வரைந்துவரும் கற்பனை நகரத்தின் சுரங்க ரயிலுக்கு, 1933-இல் லண்டனில் வெளியான, ஹாரி பெக் என்ற வரைவாளர் அந்நகரச் சுரங்க ரயிலுக்கு வரைந்த வரைபடமே முன்மாதிரி. மின்சுற்றுப் படம்போல நேர்கோடுகளும் 45 பாகைச் சாய்வுகளுமாக அமைந்த அது, நிலையங்களுக்கிடையே உள்ள உண்மைத் தொலைவைப் பொருட்படுத்தாமல், எங்கே வண்டி மாறுவது என்பதையே பயணிக்குத் தெளிவாகக் காட்டியது. தாளில் இது எளிது.

மண்ணில் அப்படியன்று. என் நகரமும் இவ்வூரைப் போலக் கடலோர மணலில் நிற்பதால், சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் செய்ததுபோல, முதலில் நிலத்துக்குள் கான்கிரீட் சுவர்களை இறக்கி, அதன்பிறகே உள்ளே தோண்ட வேண்டும். மழைவெள்ளம் உள்ளே புகாதிருக்க, பாங்காக்கில் உள்ளதுபோல வாயில்களைத் தெருமட்டத்திலிருந்து சில படிகள் உயர்த்தியிருக்கிறேன். நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயரைவிட ஏரி, வாய்க்கால், தோப்பு ஆகியவற்றின் பெயர்களே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய வாய்க்காலுக்கு அடியில் செல்லும் தடத்தை மட்டும் இன்னும் வரையவில்லை.