ஸ்லீவுக்கு அடியில் 0.2 மில்லிமீட்டர்

ஜனவரி 5

கரையிலிருந்து இயக்கும் என் மாதிரிப் படகின் பழைய 3.5 சிசி இன்ஜினை இன்று பிரித்தேன். கடைசியாகப் படகை ஓட்டிய நாளில் மிச்ச எரிபொருளை வடிக்காமலும் எண்ணெய் விடாமலும் அப்படியே பெட்டியில் போட்டு வைத்தது என் சோம்பல். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதோடு கலந்த நைட்ரோமீத்தேன் எரிந்த கசடில் அமிலத்தன்மை உண்டு. இரண்டும் சேர்ந்தால் எஃகு பேரிங் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஃபிளைவீலைக் கையால் சுழற்றினால் மணல் அரைபடும் சத்தம்.

ஸ்லீவும் பிஸ்டனும் தப்பித்துவிட்டன. ஸ்லீவ் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய். அது பித்தளை, அதன் உள்சுவரில் குரோம் பூச்சு, பிஸ்டன் அலுமினியம். இந்த வகையில் ஸ்லீவ் மேலே போகப் போக நூலிழை அளவு குறுகும். அதனால் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும். சூடானதும் பித்தளை கூடுதலாக விரிந்து அளவு சரியாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் அந்த இறுக்கத்தைக் கோளாறு என்று நினைத்து உப்புத்தாள் எடுத்துவிடுகிறார்கள். இறுக்கம் போய்விட்டால்தான் கோளாறு.

ஜனவரி 8

இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸை அடுப்பில் 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினேன். பேரிங் தானாக விழுந்தது. புதியது போட்டாயிற்று.

ஜனவரி 12

வேகத்தைக் கூட்ட எதையும் வெட்டுவதற்கு முன் அடிப்படை அளவு வேண்டும். தண்ணீரில் ஓடும் படகின் சுழற்சி வேகத்தை எப்படி அளப்பது? கரையில் நின்று மீட்டரை நீட்ட முடியாது. போன வருடம் கற்றுக்கொண்ட வழி இது: நேர்க்கோட்டில் படகு என்னைக் கடந்து போகும்போது செல்பேசியில் ஒலியைப் பதிவு செய்வேன். நெருங்கும்போது சுருதி ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்கும், ரயில் ஊதல் போல. அந்த இரண்டு அதிர்வெண்களும் கிடைத்துவிட்டால் இன்ஜினின் வேகம், படகின் வேகம் இரண்டையும் கணக்கிட்டுவிடலாம்.

இன்றைய பதிவில் வரும்போது 443 ஹெர்ட்ஸ், போகும்போது 391. இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுத்தால் 415. இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) இன்ஜினில் ஒரு சுழற்சிக்கு ஒரு வெடிப்பு என்பதால் அதை 60ஆல் பெருக்கினால் போதும்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 24,900 சுற்றுகள். வித்தியாசம் 52ஐக் கூட்டுத்தொகை 834ஆல் வகுத்து, காற்றில் ஒலியின் வேகமான 343 மீட்டரால் பெருக்கினால் விநாடிக்கு 21.4 மீட்டர். அதாவது மணிக்கு 77 கிலோமீட்டர்.

புரொப்பெல்லர் 42 மில்லிமீட்டர் விட்டம், அதன் 1.4 மடங்கு பிட்ச். ஒரு சுற்றுக்கு 58.8 மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். வழுக்கலே இல்லையென்றால் 88 கிலோமீட்டர் வந்திருக்கும். பாக்கி 11 தண்ணீரோடு போயிற்று.

ஜனவரி 15

ஃபிளைவீலில் பாகைத் தகடு பொருத்தி, ஸ்லீவின் சுவரில் உள்ள துளைகளான போர்ட்டுகளை அளந்தேன். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் ஒரு சுழற்சியில் திறந்திருப்பது 180 பாகை. புதுக் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்பர் 126 பாகை. எக்ஸாஸ்ட் முதலில் திறந்து, 27 பாகை கழித்து டிரான்ஸ்பர் திறக்கிறது. எரிந்த வாயு தன் அழுத்தத்தைக் கொட்டிவிட்டுப் போவதற்கு இந்த இடைவெளிதான் அவகாசம்.

என் இன்ஜினின் வீச்சு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 16 மில்லிமீட்டர். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 28. எக்ஸாஸ்ட் திறக்கும் இடத்தில் பிஸ்டன் ஒரு பாகைக்கு 0.14 மில்லிமீட்டர் நகர்கிறது. போர்ட்டின் மேல் விளிம்பை 0.3 மட்டும் உயர்த்தினால் திறக்கும்போது 2 பாகை, மூடும்போது 2 பாகை, மொத்தம் 4 பாகைக்குச் சற்று மேல் கிடைக்கும். காகிதத்தில் மிகச் சுலபமாக இருந்தது.

ஜனவரி 19

காகிதத்தில் மட்டும்தான்.

ஸ்லீவை மரத்தாடையில் பிடித்து, வைரப்பொடி பதித்த முனையால் எக்ஸாஸ்ட் விளிம்பைத் தேய்த்தேன். குரோமை எஃகு முனைகள் தொடவே தொடாது, வழுக்கிக்கொண்டு ஓடும். விதி ஒன்றே ஒன்று: முனை சுழலும் திசை குரோமிலிருந்து பித்தளைக்குள் போவதாக இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே. அப்போது பூச்சு பித்தளையின் மேல் அழுந்தும். மாறிச் சுழன்றால் பூச்சை அடியிலிருந்து நெம்பும்.

இடது மூலை வரை சரியாகப் போனேன். வலது மூலைக்குக் கை வாகாக வரவில்லை என்று ஸ்லீவைத் திருப்பிப் பிடித்தேன். திசை மாறியதை மூளை கவனிக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். உருப்பெருக்கியில் பார்த்தால் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு மீன் செதில் போலக் குரோம் பெயர்ந்து, அடியில் மஞ்சளாகப் பித்தளை. அந்தச் செதிலின் ஓரத்தில் பிஸ்டன் ஒரு நிமிடம் ஓடினாலும் அதன் பக்கச் சுவர் கிழிந்துவிடும்.

அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். எனக்கு இன்று அவசரமும் இல்லை.

ஜனவரி 20

மேசைப் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 2

புதிய ஸ்லீவ், பிஸ்டன் ஜோடி வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை என்பதால் பாதியை மட்டும் வாங்க வழியில்லை.

என்னோடு ஓட்டும் மூத்த நண்பர் ஒருவர் பெயர்ந்த ஸ்லீவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். “வெட்டாமலே போர்ட்டை உயர்த்தலாமே தம்பி. ஸ்லீவின் கழுத்துக்கு அடியில் ஒரு ஷிம் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். வெட்டியதை எடுக்க முடியுமா?” என்றார்.

0.2 மில்லிமீட்டர் ஷிம், அதாவது மெல்லிய வளையம், போட்டேன். ஸ்லீவ் மொத்தமும் மேலே ஏறுவதால் எல்லாப் போர்ட்டும் கூடவே ஏறும். அளந்து பார்த்ததில் எக்ஸாஸ்ட் 183 பாகை, டிரான்ஸ்பர் ஏறக்குறைய 130. ஏறியது ஒரே 0.2 என்றாலும் டிரான்ஸ்பருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. பிஸ்டன் கீழே போகப் போக மெதுவாவதால், அங்கே அதே தூரத்துக்கு அதிகப் பாகை. ஆக, இடைவெளி 27இலிருந்து கால் அரைப் பாகை சுருங்கியிருக்கும். பெரிதில்லை. ஆனால் ஷிம்மை அடுக்கிக்கொண்டே போனால் கணக்கு எங்கே இடிக்கும் என்பது தெரிகிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள் கூடவே மாறின. சிலிண்டரை மேலே மூடும் ஹெட் ஸ்லீவின் மேல்தான் உட்கார்கிறது. எனவே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியும் 0.2 கூடிவிட்டது. பிளக் துளை வழியாக ஈயப்பற்றுக் கம்பியை ஸ்லீவின் ஓரம் வரை நுழைத்து, ஃபிளைவீலை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் பிடித்தேன்: 0.71. ஹெட்டின் அடியிலிருந்து 0.2 ஷிம் ஒன்றை எடுத்ததும் 0.51. இரண்டாவது, பிஸ்டன் உச்சியில் இப்போது ஸ்லீவின் குறுகலில் 0.2 கீழேயே நின்றுவிடுகிறது. கையில் அந்தப் பிடிப்பு சற்றுத் தளர்ந்தது தெரிந்தது. பழைய ஸ்லீவாக இருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 9

கலவை உள்ளே போகும் கிராங்க்ஷாப்டின் உள்வழியில் கிடந்த கூர்முனைகளைத் தட்டி, மெருகேற்றினேன். கேஸில் இருக்கும் டிரான்ஸ்பர் வாய்க்கால் ஸ்லீவின் போர்ட்டோடு சேருமிடத்தில் ஒரு படி நின்றது, அதையும் சரித்துவிட்டேன். கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று மணிக்கணக்கில் உட்கார்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்னுவதால் வேகம் வந்து நான் பார்த்ததில்லை. படியை எடுப்பதில்தான் பலன்.

பிப்ரவரி 16

ஓட்டிப் பழக்கும் நாள். புதிய ஜோடியை நிறைய எரிபொருள் ஊற்றிக் குளிரக் குளிர ஓட்டுவது பழைய காலத்து இன்ஜின்களுக்குச் சரி. இதில் ஸ்லீவ் விரியாமல் உச்சியில் ஒவ்வொரு சுற்றும் நெரியும், ராடும் பாடுபடும். எனவே தண்ணீர்க் குழாயைச் சற்று நெருக்கி, ஹெட்டைக் கைக்குச் சுடும் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நிமிடம் ஓட்டம், முழுக்க ஆறவிடல், மறுபடி இரண்டு நிமிடம். ஒவ்வொரு முறை ஆறும்போதும் பிஸ்டன் அடிவாரத்தில் நிற்கும்படி ஃபிளைவீலைத் திருப்பி வைத்தேன்.

பிப்ரவரி 23

ஷிம் போட்ட பின் முதல் வேக ஓட்டம். வரும்போது 440, போகும்போது 389. கணக்கிட்டால் 24,800 சுற்று, 76 கிலோமீட்டர்.

ஒரு மாதம் உழைத்து ஒரு கிலோமீட்டரைத் தொலைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றுகிறது. போர்ட்டை உயர்த்தியதால் இன்ஜின் மேல்வேகத்தில்தான் மூச்சு விட விரும்புகிறது. எக்ஸாஸ்ட் பைப்பும் புரொப்பெல்லரும் பழைய வேகத்திலேயே அதன் காலைக் கட்டி வைத்திருக்கின்றன.

மார்ச் 2

பைப்.

எக்ஸாஸ்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை டியூன்டு பைப்புக்குள் ஓடி, பின்கூம்பில் மோதித் திரும்ப வேண்டும். போர்ட் மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், வெளியே வழிந்த புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 25,000 சுற்றில் 180 பாகைக்கு ஆகும் நேரம் 0.0012 விநாடி. பைப்பின் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் என்று வைத்தால், போய்த் திரும்ப 60 சென்டிமீட்டர். நீளம் அதில் பாதி, 30. என் பைப் போர்ட்டிலிருந்து கூம்பின் நடு வரை ஏறக்குறைய அதேதான் இருந்தது. 27,000 சுற்றுக்கும் 183 பாகைக்கும் போட்டால் 28 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

ஒலியின் வேகம் என் ஊகம்தான். பைப் சூடேறினால் மாறும். அதனால் போர்ட்டையும் பைப்பையும் இணைக்கும் ஹெடர் குழாயை ஒரே வெட்டாக வெட்டவில்லை. மூன்று மில்லிமீட்டர் வெட்டு, விளிம்பு தேய்ப்பு, சிலிக்கான் குழாய் பொருத்தல், ஓட்டம். மறுபடி மூன்று. நான்காவது வெட்டில் நேர்க்கோட்டில் சத்தமே வேறாகிவிட்டது, துணி கிழிபடுவது போல. ஆனால் திருப்பம் முடிந்து வெளியே வரும்போது படகு திணறியது. பைப் வேலை செய்யும் வேகத்துக்கு இன்ஜின் ஏறுவதற்குள் அடுத்த மிதவை வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 5

பிளக்கைப் பார்த்தேன். உள்ளிருக்கும் பிளாட்டினக் கம்பி மெத்தனால் ஆவியோடு சேர்ந்து தானே தணலாக நிற்பதுதான் இந்த இன்ஜின்களின் மாயம். 1947இல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளக், தீப்பொறிக் காயிலையும் பேட்டரியையும் படகிலிருந்தும் விமானத்திலிருந்தும் இறக்கி வைத்தது. என்னுடைய கம்பி சாம்பல் நிறமாகச் சொரசொரத்திருந்தது. கலவை வறண்டிருக்கிறது. எரிபொருளின் அளவைத் திருத்தும் நீடிலைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்தேன்.

நைட்ரோவைக் கூட்டலாமா என்று கை அரிக்கிறது. ஒரு கிலோ மெத்தனால் எரிய ஆறரை கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு ஒன்றே முக்கால் கிலோகூட வேண்டாம், ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே சுமந்து வருகிறது. அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். ஆனால் கூட்டினால் ஹெட்டுக்கு மறுபடி ஷிம் சேர்க்க வேண்டும், நீடிலைத் திறக்க வேண்டும். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாரைக் கேட்பது? இப்போதைக்கு 40 சதவீதமே இருக்கட்டும்.

மார்ச் 9

40 மில்லிமீட்டர் புரொப்பெல்லர், அதே 1.4 பிட்ச். வார்ப்பிலிருந்து வந்த நிலையில் அதன் விளிம்பு வெண்ணெய்க் கத்திபோல இருக்கும். தீட்டிச் சமன் செய்தாக வேண்டும். இது பெரிலியம் கலந்த செம்பு. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் ஆயுசுக்கும் தொல்லை. வாளித் தண்ணீருக்கடியில் பிடித்து நீர்த்தாளால்தான் தேய்த்தேன், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. இயந்திர அரைப்பானைத் தொடவில்லை. இரண்டு இலைகளும் கத்தி முனைகளின் மேல் கிடையாக நிற்பதற்குள் ஒரு மாலை கழிந்தது.

மார்ச் 16

வரும்போது 479, போகும்போது 420.

இரண்டு முறை கணக்கிட்டுப் பார்த்தேன். 26,850 சுற்று. மணிக்கு 81 கிலோமீட்டர். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது தயக்கமே இல்லை. சிறிய புரொப்பெல்லர் இன்ஜினை நொடியில் பைப் வேலை செய்யும் வேகத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஷிம் சும்மா உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான் போலிருக்கிறது.

நண்பர் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார். “ராடைப் பார்த்தீர்களா?” என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 17

பார்த்தேன். பின்மூடியைக் கழற்றி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு ஃபிளைவீலை முன்னும் பின்னும் அசைத்தால் கீழ்முனையில் மெல்லிய ‘டக்’. வெண்கலப் புஷ் ஒரு பக்கமாக நீள்வட்டமாகிவிட்டிருக்கிறது. பழைய ஜோடியிலிருந்து மாற்றாமல் விட்ட ஒரே உறுப்பு அது. அலையில் படகு துள்ளிப் புரொப்பெல்லர் காற்றில் சுழலும் அந்தக் கணத்தில் இன்ஜின் எந்த வேகத்துக்குப் போகிறது என்பது என் ஒலிப்பதிவில் இல்லை. அடுத்த துள்ளலில் ராடு உடைந்து கேஸின் வயிற்றைக் கிழித்திருக்கும்.

புதிய ராடு வர இரண்டு வாரம் ஆகும். எரிபொருளை வடித்து, பேரிங்குகளில் எண்ணெய் விட்டு, பிஸ்டனை அடிவாரத்தில் நிறுத்தி, இன்ஜினைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.