ஈரக்காற்றில் ஓரடுக்கு ஒளியுணரி: டேப்பிலிருந்து ஒளிமின்னோட்டம் வரை

சென்னையில் இருபரிமாணப் பொருள்களில், அதாவது சில அணுக்களே தடிமனுள்ள படலங்களில், ஆய்வு தொடங்குகிறவர்கள், எந்த லேசர், எந்த லாக்-இன் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துடிக்கும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் பெருக்கி) என்று கொட்டேஷன் கேட்கும் முன்பே ஓர் ஈரப்பதமானி வாங்கி மேசைமேல் வைத்துவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அளவு ஏறுவது கண்ணுக்கே தெரியும். இரவில் ஏசியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் அறைக்குள்ளும் வெளிக்காற்றின் நிலைமைதான். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒளி பட்டதும் மின்னோட்டம் மாறும் ஒளியுணரியாக நாம் செய்யப்போகும் மாலிப்டினம் டைசல்ஃபைடு ஓரடுக்குப் படலத்தின் தடிமன் 0.65 நானோமீட்டர். அதன் அடியிலும் மேலும் ஒட்டிக்கொள்ளும் நீர்ப்படலமும் ஏறக்குறைய அதே அளவுக்கு வரும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கருப்பு பாஸ்பரஸ் அகச்சிவப்புக்கு அருமையான பொருள்தான். ஆனால் ஒளியும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் கொப்புளம் கட்டிவிடும். குளோவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத வேலைப் பெட்டி) இல்லாத ஆய்வகம் மாலிப்டினம் டைசல்ஃபைடில் தொடங்கட்டும். பல அடுக்காக இருக்கும்வரை அதன் பட்டை இடைவெளி, அதாவது எலெக்ட்ரான் கடத்தத் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.3 எலெக்ட்ரான் வோல்ட் அளவில். அது மறைமுக இடைவெளி, ஒளியைச் சரியாக உமிழாது. ஓரடுக்கானதும் நேரடி இடைவெளியாகி, 660 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பில் ஒளிரும். இதை 2010-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

அடித்தளம் 285 அல்லது 90 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த சிலிக்கான். வேறு தடிமன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஓரடுக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கே படாது. அதை அசிட்டோனிலும் ஐபிஏவிலும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கழுவி, பிறகு சில நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மா. நம்மூரில் சறுக்குவது இங்கேதான். பிளாஸ்மா அழுக்கை எரித்துவிடும். கூடவே பரப்பை நீருக்கு ஏங்க வைத்துவிடும். வெளியே எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் ஈரம் படிந்து, டேப்பிலிருந்து ஒட்டவேண்டிய ஃப்ளேக் (படிகத்தின் மெல்லிய துண்டு) பிடிக்காது. ஆகவே ஒட்டும் டேப்பில் டைசல்ஃபைடு படிகத்தை மூன்று நான்கு முறை மடித்துப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டு, அதன்பிறகே பிளாஸ்மாவை ஓட்டுங்கள். வெளியே வந்ததும் டேப்பை ஒட்டி, ஹாட் பிளேட்டில் 100 டிகிரியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு மெதுவாக உரியுங்கள். இடுக்கில் சிக்கிய வாயுவும் நீரும் வெளியேறிவிடுவதால் பெரிய ஃப்ளேக்குகள் நிற்கும். டேப்பை அதிகம் மடித்தால் அடுக்கு மெலியும், ஆனால் அகலமும் சுருங்கிவிடும்.

ஓரடுக்குதானா என்பதை நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியின் ஆற்றலை அணு அதிர்வுகள் எவ்வளவு மாற்றின என்ற பதிவு) 385, 404 அலையெண் (செ.மீ.⁻¹) என இரு முகடுகள் வரும். இடைவெளி 18–19 அலையெண் என்றால் ஓரடுக்கு, 21–22 என்றால் இரண்டடுக்கு, 25-ஐத் தொட்டால் தடித்த துண்டு. ஒன்றிரண்டு அலையெண் வித்தியாசத்தில் முடிவு தொங்குவதால் மில்லிமீட்டருக்கு 1800 கோடுள்ள கிரேட்டிங்கே (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் தட்டு) வேண்டும், சிலிக்கானின் 520.5 முகட்டை வைத்து அன்றன்றைக்குச் சரிபார்க்கவும் வேண்டும். 532 நானோமீட்டர் லேசரை 100 மைக்ரோவாட்டுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால், பார்க்க வந்த ஃப்ளேக்கை நாமே பொசுக்கிவிடலாம்.

மின்முனை போடுவது வழக்கமான எலெக்ட்ரான் கற்றை வேலை: பிஎம்எம்ஏ என்ற, கற்றை பட்ட இடம் கரையும் பாலிமரைப் பூசி 180 டிகிரியில் சுட்டு, வரைந்து, எம்ஐபிகே என்ற கரைப்பான் ஒரு பங்குக்கு ஐபிஏ மூன்று பங்கு கலந்து டெவலப் செய்து, 5 நானோமீட்டர் டைட்டானியம், 50 நானோமீட்டர் தங்கம் படியவைத்து, அசிட்டோனில் லிஃப்ட்-ஆஃப் (வேண்டாத உலோகத்தைப் பாலிமரோடு அகற்றுதல்). சொந்தமாகக் கருவி இல்லாத கல்லூரிக்காரர்கள், ஐஐடி மெட்ராஸ் உட்பட சில நிறுவனங்களின் நானோ வசதிகளை வெளியாருக்குத் திறந்துவிடும் இந்திய நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிப்பை வெளிக்கம்பிகளோடு இணைக்கும் வயர் பாண்டிங்கில் அல்ட்ராசானிக் திறனைக் கூட்டினால் பேடுக்குக் கீழே ஆக்சைடு ஓட்டையாகி கேட் (ஆக்சைடுக்கு அடியிலிருந்து படலத்தின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிலிக்கான்) கசியும். எனவே முதல் அளவீடே கேட் கசிவுதான். அது ஒரு நானோஆம்பியருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை இல்லாமல் சிப்பைத் தொடக் கூடாது.

இனி கேட்டை −40-இலிருந்து +40 வோல்ட் வரை ஏற்றி இறக்குங்கள். காற்றில் வைத்து அளந்தால் போகும் கோடும் வரும் கோடும் பல வோல்ட் விலகி நிற்கும். பொறிகளில் (மின்னூட்டம் பிடிபடும் குறைபாட்டு இடங்களில்) மின்னூட்டம் சிக்குவதால் வருவது அது. ஈரம் அதை இன்னும் பெரிதாக்குகிறது. 10⁻⁵ மில்லிபார் வெற்றிடத்தில் 120 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் பெருமளவு சுருங்கும். முழுதாகப் போகாது, ஆக்சைடின் பொறிகள் அங்கேயேதான் இருக்கும்.

ஒளி அளவீட்டில்தான் ஆளாளுக்கு ஏமாறுகிறார்கள். 2012-இல் ஓரடுக்கு டைசல்ஃபைடு ஒளி டிரான்சிஸ்டருக்கு, விழும் ஒளித்திறன் வாட்டுக்கு 7.5 மில்லிஆம்பியர் ஒளிமின்னோட்டம் என்று வெளிவந்தது. மறு ஆண்டே 880 ஆம்பியர். லட்சம் மடங்கு வித்தியாசம், பொருளோ ஒன்றே! 532 நானோமீட்டரில் விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலெக்ட்ரானைத் தந்தாலும் வாட்டுக்கு 0.43 ஆம்பியருக்கு மேல் வராது. ஓரடுக்கு உறிஞ்சுவது பத்தில் ஒரு பங்குக்குள்தான் என்பதால் உண்மையான கூரை இன்னும் தாழ்வு. அதைத் தாண்டிய எந்த எண்ணும் பொறிகள் தரும் பெருக்கம். துளை (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம்) பொறியில் சிக்கிக்கொள்ள, அது விடுபடும்வரை எலெக்ட்ரான்கள் சுற்றிச்சுற்றி ஓடும். பெருக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு வேகம் குறையும். பெரிய எண்ணைப் பார்த்ததும் எங்கள் முதல் கேள்வி, ஒளியை அணைத்தபின் மின்னோட்டம் அடங்க எத்தனை விநாடி ஆயிற்று என்பதுதான்.

ஆகவே ஒரே சாதனத்தை இரண்டு விதமாக அளங்கள். டிசியில் ஒளியைப் போட்டு அணைத்தால் மின்னோட்டம் சட்டென்று கொஞ்சம் விழும், மிச்சம் விநாடிக் கணக்கில், சில சமயம் நிமிடக் கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். சாப்பரை (ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல் தட்டு) 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட்டி லாக்-இன்னில் பார்த்தால் அந்த வேகமான பகுதி மட்டும் தெரியும். சாப்பர் எண் 50-இன் மடங்காக வேண்டாம், மின்கம்பி இரைச்சல் உள்ளே வரும். 317 போல ஏதாவது வையுங்கள். திறனைக் கூட்டும்போது ஒளிமின்னோட்டம் நேர்விகிதத்தில் ஏறாமல் சோர்ந்துபோனால் பொறிகள் நிரம்புகின்றன என்று பொருள். பயாஸே (மின்முனைகளுக்கு இடையே கொடுக்கும் மின்னழுத்தம்) இல்லாமல், பட்டை இடைவெளிக்குக் கீழான ஆற்றல் கொண்ட ஒளியிலும் மின்முனை ஓரத்தில் மின்னோட்டம் வந்தால், உலோகம் சூடாவதால் வரும் வெப்பமின் விளைவைச் சந்தேகியுங்கள்.

மைக்ராஸ்கோப் விளக்கையும் டியூப் லைட்டையும்கூட இந்தச் சாதனம் மறக்காது. அளக்கும் முன் கருப்புத் துணி போட்டு மூடி, இருட்டு மின்னோட்டம் நிலைக்கும்வரை காத்திருங்கள். திறன் வரிசையைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். தலைகீழாகப் போனால் முதல் புள்ளியின் வால் கடைசிப் புள்ளிவரை ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே கேட்டில் ஒரு நேர்த் துடிப்பு கொடுத்தால் காத்திருக்கும் நேரம் குறையும். திறன், அலைநீளம், நேரம் மூன்றையும் ஒரே பம்ப்-டவுனில் (ஒரு முறை வெற்றிடமாக்கியதிலேயே) முடித்துவிடுங்கள். இடையில் சேம்பரைத் திறந்தால் ஈரம் ஏறி திரெஷோல்டு (சாதனம் கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) மாறிவிடும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த புள்ளிகளை ஒரே வரைபடத்தில் போட முடியாது.